மேய்ச்சல் கால்நடைகளுக்கு அயோடின் அளித்தல்

கால்நடைகள் தமக்கு வேண்டிய சத்துக்களைத் தாமே தேடித் தின்னும் என்ற அபிப்பிராயம் குடியானவர்களிடையே வெகுகாலமாய் இருந்து வருகிறது. அதற்கு ஆதாரம் இல்லாமலும் இல்லை. மேய்ந்து வீடு திரும்பிய பசு கொட்டிலின் சுவரை நக்குகிறது. உப்பு கட்டியிருந்த சாக்கை மெல்லுகிறது. மற்ற மாடுகளின் மூத்திரம் தோய்ந்த மண்ணை முகர்ந்து தின்கிறது. ஆடுகள் உவர்மண் பூத்த இடத்தைக் கண்டால் புல்லை விட்டு அங்கே கூடிவிடும். நீலகிரியில் தோடர்கள் ஆண்டில் சில தடவை, நீர் நிறைந்த குழியில் உப்பைக் கரைத்துத் தம் எருமைகளைக் குடிக்கச் செய்வதை ஒரு சடங்காகவே நடத்தி வந்திருக்கின்றனர். இவற்றைக் கண்டவர்கள், உப்பைப் போலவே மற்றத் தாதுப் பொருள்களையும் தனித்தனித் தொட்டிகளில் வைத்துவிட்டால் மாடு தன் குறைக்குத் தக்கபடி எடுத்துக்கொள்ளும் என்று எண்ணுவது இயல்பே. மேல்நாடுகளில் இம்முறைக்கெனப் பல அறைகள் கொண்ட பெட்டிகளே விற்கப்படுகின்றன. அயோடினுக்கு இம்முறை பொருந்துமா என்பதே இங்கு ஆராயப்படும் விஷயம். பொருந்தாது என்பதே விடை. பொருந்தாமைக்குக் காரணம் இன்னதென்று அறிந்துகொண்டால், அயோடினை எவ்வழியாய்க் கொடுக்கவேண்டும் என்பதும் தானே விளங்கும்.

உப்பின்மேல் உள்ள பசி

உப்பின் விஷயத்தில் மாட்டை நம்பலாம். அசை போடும் பிராணிகளின் உமிழ்நீரில் சோடியம் மிகுதி. புல்லிலோ அது சொற்பம். கடலுக்குத் தொலைவான இடங்களில் இன்னும் சொற்பம். ஆஸ்திரேலியாவில் டெரெக் டென்டன் என்ற அறிஞரும் அவருடன் உழைத்தவர்களும், செம்மறியாடுகளின் உமிழ்நீர் உடலுக்குள் திரும்பாமல் வெளியே வடிந்துவிடும்படி செய்து, அவற்றின் எதிரில் வெறும் நீரையும் சோடியம் கரைந்த நீரையும் வைத்துப் பார்த்தனர். ஆடுகள் இழந்த சோடியத்துக்கு ஏறக்குறையச் சமமான அளவைத் தாமே தேர்ந்து குடித்தன. குறை உண்டாகும்போது இரத்தத்தில் ஏற்படும் மாறுதலை மூளை உணர்ந்து, நாவின் ருசியை உப்பின் பக்கம் திருப்புகிறது. பழக்கினாலன்றிப் பிறவியிலேயே அமைந்த குணம் இது.

எலும்புச் சத்தாகிய பாஸ்பரஸின் விஷயத்தில் இவ்வளவு தெளிவு இல்லை. தென்னாப்பிரிக்காவில் பாஸ்பரஸ் குறைந்த மேய்ச்சல் தரைகளில் மாடுகள் செத்த பிராணிகளின் எலும்பைக் கடித்துத் தின்றன. எலும்பில் அவை தேடிய சத்து இருந்தது மெய்யே. ஆனால் அழுகிய எலும்பிலும் அதில் ஒட்டியிருந்த தசையிலும் உண்டான கொடிய நஞ்சும் கூடவே இருந்தது. அதனால் உடல் செயலற்று மாடுகள் கூட்டங்கூட்டமாய் மடிந்தன. ஆர்னால்டு தைலர் என்பவர் 1920-களில் இதன் காரணத்தை ஆராய்ந்து, எலும்பு மாவைத் தீவனத்தோடு கொடுத்தால் மாடுகள் எலும்பு தேடி அலைவது நிற்கும் என்று காட்டினார். பசி உண்மையானதாய் இருந்தும், அது காட்டிய வழி சாவில் கொண்டுபோய் விட்டது.

அயோடினுக்குப் பசி இல்லை

அயோடினுக்கோ அத்தகைய பசியும் இருப்பதாய்க் காணப்படவில்லை. இதற்கு இரண்டு காரணங்கள் சொல்லலாம். முதலாவது, வேண்டிய அளவு மிகச் சிறிது. மாடு தின்னும் தீவனத்தின் உலர்ந்த எடையில் கிலோவுக்கு அரை மில்லிகிராம் அயோடின் இருந்தால் போதும். நாள் ஒன்றுக்கு 10 கிலோ உலர் தீவனம் தின்னும் பசுவுக்கு இது 5 மில்லிகிராம். ஒரு கிராமின் 200-ல் ஒரு பங்காகிய இவ்வளவை நாவினால் அளந்தறிய எந்த மாட்டுக்கும் இயலாது.

இரண்டாவது காரணம் இன்னும் முக்கியமானது. கழுத்தின் முன்புறத்தில் மூச்சுக்குழலை ஒட்டியுள்ள தைராயிடு கோளம் அயோடினைக் கொண்டு ஒரு ரஸத்தை உண்டாக்கி இரத்தத்தில் கலக்கிறது. உடலின் சூடும், வளர்ச்சியும், ரோமம் முளைத்தலும், கருவின் மூளை அமைவதும் இந்த ரஸத்தைப் பொறுத்தவை. அயோடின் குறைந்தால் கோளம் பருத்து, கிடைத்த சிறிதளவையும் இறுகப் பிடித்துக்கொண்டு வேலை செய்கிறது. இவ்வாறு தாய்ப்பசு பல மாதம் குறையின்றிக் காணப்படும், மேயும், பாலும் தரும். வயிற்றிலுள்ள கன்றுக்கோ சேமிப்பு கிடையாது; தாயிடமிருந்து வருவதே அதற்கு எல்லாம். ஆகையால் குறை ஏற்பட்டது தாயின் தீவனத்தில்; தண்டனை அடைவது பிறவாத கன்று. தன் நாக்கால் எதையும் தேட முடியாத ஒரு ஜீவனின் குறையைத் தாயின் ருசி எடுத்துச் சொல்லும் என்று எதிர்பார்ப்பது எப்படி?

அமெரிக்காவில் மான்டானா பிரதேசத்தில் பன்றிகள் ரோமமில்லாத குட்டிகளை ஈன்று, அவை பிறந்த சிறிது நேரத்தில் இறந்து வந்தன. அதே மேய்ச்சலில் இருந்த ஆட்டுக் குட்டிகளும் கன்றுகளும் வீங்கிய கழுத்துடன் பிறந்தன. தாய்ப் பன்றிகள் கொழுத்தே இருந்தன. சினைப் பன்றிகளுக்குச் சிறிது அயோடைடு கொடுத்தவுடன் குட்டிகள் ரோமத்தோடும் பலத்தோடும் பிறந்ததை 1917-ல் அங்குள்ள ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். மிச்சிகன் பிரதேசத்தில் கழலை நோயால் செம்மறி வளர்ப்பே நடவாத நிலையில் இருந்ததென்றும், அங்கே கிடைத்த உப்பை ஆடுகளுக்குக் கொடுக்கத் தொடங்கியபின் அந்நிலை மாறிற்றென்றும் டேவிட் மரீன் என்ற வைத்தியர் எழுதியிருக்கிறார். அந்த உப்பில் அயோடின் இயற்கையாகவே கலந்திருந்தது. இவ்விரண்டாவது செய்தி கவனிக்கத்தக்கது. ஆடுகள் அயோடினைத் தேடவில்லை, உப்பைத் தேடின. அயோடின் உப்போடு உடன்சென்றது.

பல அறைப் பெட்டி முறையைப் பற்றி 1970-களில் அமெரிக்காவில் கறவை மாடுகளைக்கொண்டு நடந்த சோதனைகளில், சுண்ணாம்புச் சத்தும் பாஸ்பரஸும் தீவனத்தில் குறைத்துக் கொடுக்கப்பட்ட பசுக்கள் அக்குறைக்குத் தக்கபடி அவற்றைத் தேர்ந்து தின்னவில்லை. ஒரு பசு மிகுதியாய்த் தின்றது. பக்கத்துப் பசு தொடவே இல்லை. கலவையின் ருசியும் மணமுமே பெரும்பாலும் முடிவு செய்தன. உப்பைத் தவிர மற்றத் தாதுக்களைப் பிராணியின் இஷ்டத்துக்கு விடுவதால் தேவை பூர்த்தியாகும் என்பதற்குத் தக்க சான்று இல்லை. பத்து அறைப் பெட்டிக்குச் செலவிடும் பணத்தை ஒரு நல்ல உப்புத் தொட்டிக்குச் செலவிடுவது மேல்.

எந்த உப்பு?

உப்போடு அயோடினைக் கலந்து கொடுப்பதே வழி என்று ஏற்பட்டபின், எந்த உப்பு என்பது கேள்வி. கடலிலிருந்து எடுத்த கல்லுப்பில் அயோடின் இருக்கத்தானே வேண்டும் என்று பலர் நினைக்கின்றனர். தூத்துக்குடி, வேதாரண்யம் உப்பளங்களுக்கு அருகில் வசிப்பவர்களுக்கு இந்த எண்ணம் இன்னும் உறுதியாய் இருக்கும். கடல்நீரிலேயே அயோடின் சொற்பம். பாத்தியில் நீர் சுண்டி உப்பு விளையும்போது அதிலும் பெரும்பகுதி உப்பில் தங்குவதில்லை. ஆகவே அயோடின் சேர்க்கப்படாத கடலுப்பு இந்தத் தேவைக்கு உதவாது.

இன்னொரு விஷயம் நிலச்சுவான்தார்களும் கிராம அதிகாரிகளும் அறிந்திருக்க வேண்டியது. இந்தியாவில் மனிதர் நேராய் உண்பதற்கான உப்பை அயோடின் சேர்க்காமல் விற்பது 2006-ம் ஆண்டு மே மாதம் முதல் தடுக்கப்பட்டிருக்கிறது. ஆனால் கால்நடைகளுக்கென்று தனியே முத்திரையிட்டு விற்கும் உப்புக்கு அந்தக் கட்டாயம் இல்லை. வீட்டு அடுப்பங்கரையில் அயோடின் உப்பு வந்து சேர்ந்துவிட்ட இந்நாளிலும், அதே வீட்டுக் கொட்டிலில் மலிவு விலை மூட்டையிலிருந்து வெறும் உப்பே போகக்கூடும். மூட்டையின் மேல் எழுதியிருப்பதைப் படித்து வாங்குவது அவசியம்.

அடுப்பங்கரை உப்பையே மாட்டுக்கும் கொடுத்தால் என்ன என்று கேட்கலாம். கணக்குப் பார்த்தால் தெரியும். கடையில் விற்கும்போது அதில் பத்து லட்சம் பங்குக்கு 15 பங்காவது அயோடின் இருக்கவேண்டும் என்பது விதி; அதாவது கிலோவுக்கு 15 மில்லிகிராம். பசு நாளொன்றுக்கு 30 கிராம் உப்புத் தின்றால் கிடைப்பது அரை மில்லிகிராமுக்கும் குறைவு. மனிதனுக்கு அதிகமாகவே போதுமான இந்த அளவு, 5 மில்லிகிராம் வேண்டிய பசுவுக்குப் பத்தில் ஒரு பங்கே. கிலோவுக்கு 70 மில்லிகிராம் சேர்த்த கால்நடை உப்பானால் அதே 30 கிராமில் 2 மில்லிகிராம் சேரும். மீதி புல்லிலும் தீவனத்திலும் வரவேண்டும். நூற்றுக்கு 0.02 பங்கு அயோடினுள்ள தாதுக்கலவையை 30 கிராம் கொடுத்தால் 6 மில்லிகிராம் கிடைக்கும். மண்ணில் அயோடின் வற்றிய மலைச்சரிவுகளில் இதுவே தக்கது.

அயோடின் எந்த உருவில் சேர்க்கப்பட்டது என்பதையும் பார்க்கவேண்டும். பொட்டாசியம் அயோடைடு வெயிலிலும் ஈரத்திலும் நிலைப்பதில்லை. அயோடின் ஆவியாய்ப் போய்விடும். மழையில் கரைந்தும் ஓடும். பொட்டாசியம் அயோடேட்டும் கால்சியம் அயோடேட்டும் நம் நாட்டு வெப்பத்தையும் சுத்தம் குறைந்த உப்பையும் தாங்கி நிற்பவை. இமயமலை அடிவாரத்தில் காங்ரா பள்ளத்தாக்கில், டாக்டர் இராமலிங்கசுவாமியும் அவரது குழுவினரும் 1956 முதல் மக்களிடையே நடத்திய பெயர்பெற்ற சோதனை இதற்குத் துணை நிற்கிறது. ஒரு பகுதிக்கு அயோடைடு உப்பும், மற்றொன்றுக்கு அயோடேட்டு உப்பும், மூன்றாவதற்கு வெறும் உப்பும் அளிக்கப்பட்டன. சில ஆண்டுகளில் முதலிரண்டு பகுதிகளிலும் பிள்ளைகளின் கழலை நோய் பாதியளவோ அதற்கும் கீழோ குறைந்தது. வெறும் உப்பு உண்ட பகுதியில் அவ்வாறு குறையவில்லை. உண்டவர்கள் எவரும் அயோடினை ருசித்துத் தேர்ந்தவர்கள் அல்லர் என்பது சொல்லாமலே விளங்கும்.

அயோடேட்டை மருந்துக் கடையில் வாங்கி வீட்டில் உப்போடு கலப்பதை யாரும் செய்யலாகாது. 100 கிலோ உப்புக்கு வேண்டியது ஏறக்குறைய 12 கிராமே. மண்வெட்டியால் புரட்டிக் கலக்கினால் அது ஒரு மூலையில் தங்கும். அந்த மூலையை நக்கிய மாட்டுக்குத் தீங்கு விளையும்.

உப்புத் தொட்டி பலன் தராத இடங்கள்

மாட்டின் உப்புப் பசியே அயோடினைச் சுமக்கும் வண்டியானபடியால், அந்தப் பசி குறைந்த இடத்தில் வண்டி நின்றுவிடும். கிணற்று நீர் கரிப்பாயுள்ள ஊர்களிலும், கடலோரத்து உவர் மேய்ச்சலிலும் மாடுகள் தொட்டியை ஏறிட்டும் பாரா. அங்கே கால்நடை உப்பை வாங்கி வைத்துவிட்டு அயோடின் கொடுத்தாயிற்று என்று இருப்பது வீண். உப்பில்லாத தாதுக்கலவையைத் தவிட்டிலோ பிண்ணாக்கிலோ பிசைந்து ஒவ்வொரு மாட்டுக்கும் கையினால் கொடுக்கவேண்டும்.

கறவைப் பசுக்களுக்கு இது எளிது. இருவேளையும் தீவனத் தொட்டிக்கு வருகின்றன. கிடாரிகளும், பால் வற்றிய சினைப் பசுக்களும், செம்மறிகளும்தான் விடுபட்டுப் போகின்றன. பாலில்லாத மாட்டுக்குப் பிண்ணாக்கு ஏன் என்று அவற்றை மேய்ச்சலோடு விட்டுவிடுவது வழக்கம். ஆனால் கருவிலுள்ள கன்றின் கோளம் வேலை செய்யத் தொடங்கி அயோடினைக் கேட்கும் காலம் அதுவே. சிக்கனம் இவ்விடத்தில் நஷ்டத்தையே தருகிறது.

சில தீவனங்கள் அயோடினுக்குப் பகையாய் வேலை செய்கின்றன. முட்டைக்கோசு இனங்கள், கடுகுப் பிண்ணாக்கு, மரவள்ளி இலையும் கிழங்குத் தோலும், இளஞ்சோளப் பயிர் ஆகியவற்றை மிகுதியாய்த் தின்ற பிராணிகளின் உடலில் உண்டாகும் பொருள்கள் தைராயிடு கோளம் அயோடினைப் பிடித்துக்கொள்வதைத் தடுக்கின்றன. நியூஜிலாந்தில் கோசின் இனமாகிய கேல் என்ற தழையை மேய்ந்த சினை ஆடுகள் கழலையுள்ள குட்டிகளை ஈன்றன. சினைக் காலத்தில் அயோடின் கொடுத்தபோது இது தடுக்கப்பட்டதை 1950-களில் அங்கே நிரூபித்தனர். சேலம், நாமக்கல் பக்கங்களில் மரவள்ளிக் கழிவை நம்பி ஆடுமாடு வைத்திருப்போரும், மலைக் காய்கறித் தோட்டங்களில் கோசு இலையைப் போடுவோரும் இதை மனதில் வைத்து, தேவையை இரட்டிப்பாய்க் கணக்கிடுவது நன்று.

சவுண்டல் தழையின் கதை வேறு. அதிலுள்ள நஞ்சு உடலில் மாறி உண்டாகும் பொருள், கோளம் அயோடினை ரஸமாய் மாற்றுவதையே தடுப்பதால், எவ்வளவு அயோடின் கொடுத்தும் பயன் குறைவு. ஆஸ்திரேலியாவில் இத்தழையை மேய்ந்த மாடுகளுக்குக் கழலை கண்டது. ஹவாய்த் தீவில் அதையே மேய்ந்த ஆடுகளுக்கு ஒன்றும் நேரவில்லை. ஹவாய் ஆடுகளின் வயிற்றில் அந்நஞ்சைச் சிதைக்கும் நுண்ணுயிர் இருப்பதை ரேமண்ட் ஜோன்ஸ் என்பவர் கண்டறிந்து, 1980-களில் அதை ஆஸ்திரேலிய மாடுகளுக்கு மாற்றியபின் அங்கும் தீங்கு நீங்கிற்று. எப்படியாயினும் சவுண்டலை மொத்தத் தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படாமல் மற்றப் புல்லோடு கலந்து போடுவதே விவேகம்.

அடையாளங்களும் அளவும்

கன்று செத்துப் பிறத்தல், மிக்க பலவீனமாய்ப் பிறந்து பால் குடிக்க எழாமை, ரோமம் அரிதாயிருத்தல், தொண்டைக்குக் கீழ் இருபுறமும் கையில் தட்டுப்படும் வீக்கம், இளங்கொடி விழத் தாமதித்தல், கிடாரிகள் காலத்தில் பருவத்துக்கு வாராமை ஆகியவை அயோடின் குறைவில் காண்பவை. வெள்ளாட்டுக் குட்டிகளில் கழுத்து வீக்கம் பெரிதாய்த் தெரியும். ஆயினும் கன்று வீசுவதற்கெல்லாம் அயோடினே காரணம் என்று முடிவு கட்டிவிடக்கூடாது. புருசெல்லா என்ற தொற்றுநோயும் கருச்சிதைவை உண்டாக்கும். அது மனிதருக்கும் தொற்றும். செத்துப் பிறந்த கன்றையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் தொடாமல், நாய்கள் இழுக்காதபடி மூடி வைத்து, கால்நடை மருத்துவருக்குச் சொல்லியனுப்ப வேண்டும். கன்றின் தைராயிடு கோளத்தை அறுத்து நிறுத்துப் பார்ப்பதாலும், பசுவின் இரத்தத்தையோ பாலையோ சோதிப்பதாலும் அவர் உண்மையை அறிவார். ஒரு கன்று இறந்த வீட்டுக்காரர் மறைத்துவிட்டால், அதே மந்தையில் மேயும் பத்து வீட்டுப் பசுக்களின் நிலையும் தெரியாமற் போகும். கிராம அதிகாரிகள் இவ்விஷயத்தில் செய்தியை உடனே அனுப்புவது பெரிய உதவி.

பொது மந்தைவெளியில் தொட்டி அமைப்பதானால், நீர் நிலைக்கு அருகே, மாடுகள் படுத்து அசை போடும் நிழலில் அமைக்கலாம். இரும்பு அரித்துப்போகும், மரமோ சிமெண்டோ தக்கது. மேலே மழைக்கு ஒரு கூரையும், அடியில் நீர் வடிய ஒரு துளையும் வேண்டும். கன்றுக்கும் எட்டும் உயரமே இருக்கட்டும். ஒரே தொட்டியானால் முரட்டு மாடு அதைத் தன்னதாக்கிக்கொண்டு மற்றவற்றை விரட்டும். மந்தை பெரிதானால் இரண்டு மூன்று தொட்டிகளை விலக்கி வைக்கவேண்டும். நெடுநாள் உப்பறியாத மாடுகள் முதலில் அளவு மீறித் தின்னும். ஆகையால் முதல் வாரம் சிறிது சிறிதாய் வைத்து, குடிநீர் எந்நேரமும் கிடைக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும்.

தொட்டியில் வைத்ததை வாரந்தோறும் நிறுத்து எழுதி வைப்பது சிரமமல்ல. 20 மாடுகள் ஆளுக்கு 30 கிராம் வீதம் 7 நாளில் தின்னவேண்டியது 4 கிலோ 200 கிராம். ஒன்றரைக் கிலோவே குறைந்திருந்தால் சராசரி 11 கிராம் கூட இல்லை என்று அறிந்து, தொட்டியை இடம் மாற்றியும், உப்போடு சிறிது தவிடு சேர்த்தும் பார்க்கலாம். சராசரி சரியாய் வந்தாலும், சில மாடுகள் தொடாமலே இருக்கலாம் என்பதால், மாலையில் தொட்டியண்டை நின்று எந்த மாடு வரவில்லை என்று ஒரு நாள் கவனிப்பது நல்லது. வராத மாடு சினையாயிருந்தால் அதற்கு மட்டும் கையால் கொடுத்துவிடலாம்.

மிகுதியும் தீங்கே. கண்ணிலும் மூக்கிலும் நீர் வடிதல், வறட்டு இருமல், தோலில் செதிள் உதிர்தல் ஆகியவை அளவு மிஞ்சியதைக் காட்டும். மாட்டின் முழுத் தீவனத்தில் கிலோவுக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் போகலாகாது என்பது மாட்டைக் கருதிய வரம்பு. கறவைப் பசு தான் தின்ற அயோடினில் ஒரு பங்கைப் பாலில் இறக்குவதால், அந்தப் பாலைக் குடிக்கும் குழந்தைகளையும் கருதவேண்டியிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தார் கறவை இனங்களுக்குக் கிலோவுக்கு 5 மில்லிகிராம் என்று வரம்பு வைத்தனர். கடற்பாசித் தூளில் அயோடின் மிகுதி என்று சொல்லி விற்கிறார்கள், அது மெய்தான். ஆனால் பாசியின் இனத்துக்கும் எடுத்த இடத்துக்கும் தக்கபடி அதன் அளவு பல மடங்கு மாறும். அளவு அச்சிடப்படாத பாசித் தூளைக் கறவைப் பசுக்களுக்கு இஷ்டம்போல் தின்ன வைப்பதையும், ஒரே மாட்டுக்கு அயோடின் உப்பு, தாதுக்கலவை, பாசித் தூள் மூன்றையும் சேர்த்துக் கொடுப்பதையும் தவிர்க்கவேண்டும்.